கடைந்த கால்

ஷேக்கர்கள் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவக் கூட்டத்தார் கல்யாணம் கட்டாதவர்கள். வம்சம் அற்றுப்போய், அவர்கள் ஊர் இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அருங்காட்சியகம். அங்கே எனக்குத் தச்சு வேலை. அவர்கள் நாற்காலியைப் போலவே செய்து அங்குள்ள கடைக்குக் கொடுப்பேன். அதுதான் வினையாகிவிட்டது.

ஆண்கள் விடுதிக் கூடத்துச் சுவர் முளைகளில், அவர்கள் வழக்கப்படி, ஆறு பழைய நாற்காலிகள் தலைகீழாகத் தொங்கும். போன இலையுதிர்காலத்தில் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இருக்கைப் பின்னலை மாற்றினேன். இந்தத் திங்கட்கிழமை ஆறையும் இறக்கி வரிசையாக வைத்தார்கள். அது மட்டும் மற்ற ஐந்தோடு சேரவில்லை. அரை விரல் குட்டை, நிறமும் வேறு.

காப்பாட்சியர் தாக்கர் மேடம் கூப்பிட்டனுப்பினார். காவலாளி எர்ல் கதவருகே நின்றான்.

"என்ன டெல்மர், அசலை யாருக்குத் தள்ளிவிட்ட?" என்றான்.

"உன் மாமியாருக்கு. உக்காந்ததும் முறிஞ்சிடுச்சு."

மேடம் சிரிக்கவில்லை. "எடுத்துட்டுப் போனது ஒண்ணு, மாட்டினது ஒண்ணு. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. உன்னை வேலையில வெச்சுக்கலாமான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

பையிலிருந்து, குறுக்களவு பார்க்கிற கவைக் கருவியான காலிப்பரை எடுத்தேன். மரம் காயக் காய ஒரு வாட்டத்தில்தான் அதிகம் இளைக்கும். உருண்டையாகக் கடைந்த கால், நூறு வருஷம் போனால் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். குட்டை நாற்காலியின் காலை அதால் கவ்வி, அப்படியே தொண்ணூறு டிகிரி திருப்பினேன். மரத்துக்கும் கருவிக்கும் நடுவே நகம் நுழைகிற சந்து விழுந்தது.

"பாத்துக்குங்க மேடம். இது பழசு. அசல்."

பக்கத்து நாற்காலியில் வைத்தேன். எப்படித் திருப்பினாலும் ஒரே பிடி. அடுத்ததும் அப்படியே. ஐந்தும் நல்ல உருண்டை.

"அப்ப மத்த அஞ்சும்..." என்று இழுத்தான் எர்ல்.

மேடம் காலிப்பரை வாங்கித் தானே அளந்தார். ஒவ்வொரு காலாக. முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று நின்றேன்.

"இந்த ஊர்ல இப்படிக் கடையத் தெரிஞ்சவன் வேற யாரு?"

"நான் வந்தே மூணு வருஷம்தான் மேடம். அதுக்கு முன்னாடி யார் என்ன பண்ணாங்களோ."

"அஞ்சு நாற்காலிக்கு மூணு வருஷம் தாராளம்."

கையை நீட்டினார். "பட்டறைச் சாவி."

வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். "வெள்ளிக்கிழமை குழு முன்னாடி நானே அளந்து காட்டறேன்."

"உன்னைக் கூப்பிடறதா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்" என்றார்.