வெளுத்துப்போன மோதிரம்

“வெள்ளி மோதிரத்தைத் தங்கமெண்டு ஆரோ உங்களைப் பேய்க்காட்டிப்போட்டாங்கள்!” மோதிரம் கிடந்த போத்தலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான் வசீகரன்.

அஜந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாரந்தனையில் கலியாணத்தன்று அவள் சுதனுக்குப் போட்ட மோதிரம் அது. வளைகுடாவில் எண்ணெய் ஆலையின் கலமொன்றுக்குள் இறங்கி மண்டி வழித்தவன், லீவில் வந்தபோது அது சாம்பல் வெள்ளையாகியிருந்தது. கை நடுக்கமும் கூடவே வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவள், கழற்றிப் போத்தலில் போட்டு மூடியை இறுக்கிவிட்டாள். இப்போது அந்த ஆலையின் மேற்பார்வையாளன் வசீகரன், அடுத்த துப்புரவுக்குச் சுதனைக் கூட்டிப்போகச் பக்கத்து ஊரான சரவணையிலிருந்து வந்து கதிரையில் இருக்கிறான்.

“வெள்ளியில்லை அண்ணை, பாதரசம். நிலத்துக்குள்ளையிருந்து எடுக்கிற மசகெண்ணெயோடை வந்து கலத்துக்குள்ளை தேங்குது. தங்கத்தைக் கண்டால் விடாது.”

“எங்கடை எண்ணெயிலை அதெல்லாம் இல்லை, தங்கச்சி. நகை செய்யிற பத்தரிட்டைக் குடும், நெருப்பிலை காட்ட மஞ்சளாகும்.”

“பாதரச ஆவி பத்தரின்ரை நெஞ்சுக்குள்ளை போகும். சாட்சியும் போகும்.”

“அப்ப என்னதான் வேணும் உமக்கு?”

“கந்தகம் ஏத்தின கரித்தொட்டி ஒண்டு பூட்டி, எண்ணெயை அதுக்குள்ளாலை விடட்டும். பாதரசம் அதிலை ஒட்டி நிண்டிடும். இப்ப கிடக்கிற கலத்தைக் கழுவி, காத்தை அளந்து, சரியான முகமூடியும் குடுக்கட்டும். பிறகு இறங்குவார்.”

“முதலாளிமாருக்கு நான் வகுப்பெடுக்கவோ? நானும் அதே கலத்துக்குள்ளை இறங்கினனான். பாரும் என்ரை மோதிரத்தை, என்ன மாதிரி மினுங்குது!”

மினுங்கத்தான் செய்தது. அஜந்தா கண்ணை எடுக்கவில்லை.

“அதெப்பிடி அண்ணை?”

“இறங்க முன்னம் நான் கழட்டி வைச்சிட்டெல்லோ...”

அதுவரை நிலத்தைப் பார்த்திருந்த சுதன் தலையை நிமிர்த்தினான்.

“ஏன் கழட்டினனீங்கள்?”

வசீகரன் எழும்பிச் செருப்பைத் தேடினான்.

“தெரிஞ்சும் எங்களிட்டை ஏன் சொல்லேல்லை, அண்ணை?”

“வேலை போயிடும் சுதன். யோசிச்சுக் கதை.”

“போனால் போகட்டும். நானும் இறங்கன், மற்றவையையும் இறங்க விடன்.”

நடுங்கும் கையால் போத்தலையும் கைபேசியையும் சேர்த்துப் பிடிக்க ஏலாமல் இருந்தது. போத்தலை அஜந்தா பிடிக்க, அவன் படமெடுத்தான். ஆலைப் பெடியளின் கைபேசிக் குழுவுக்கு அனுப்பிவிட்டுக் குரற்பதிவிலும் சத்தமாகச் சொன்னான்: “மோதிரத்தைப் பாருங்கோடா. பாதரசத்தை எடுக்காமல் ஒருத்தரும் உள்ளுக்கு இறங்காதேங்கோ!”

வாசற்படலையடிக்குப் போய்விட்ட வசீகரனின் சட்டைப்பைக்குள்ளும் மணி கிணுங்கியது.

“எடுத்துக் கேளுங்கோ அண்ணை,” என்றாள் அஜந்தா. “அது உங்களுக்கும்தான்.”