ரங்கூனிலிருந்து வந்த ரோஜாக் குச்சி

நேமத்தான்பட்டியில் யார் வீட்டில் நாற்றுப் பாவினாலும் முதல் பிடி விதையை அக்கம்மாள்தான் தூவ வேண்டும் என்று பல வருஷமாக ஒரு வழக்கம் இருந்தது. கத்தரியோ மிளகாயோ, அவள் கை பட்டால் பழுதில்லாமல் முளைக்கும் என்பார்கள். கைராசிக்காரி என்ற அந்தப் பேரைத் தவிர அவளிடம் பெருமைப்பட வேறு சொத்து எதுவும் இல்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு, காதில் ஓலை, அவ்வளவுதான்.

அவளுடைய கொழுந்தன் மருது சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து சிட்டாளைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷமாகியிருந்தது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அதுவரை இருவருக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் ஆடியில் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் வாளி தரை தட்டியது. அக்கம்மாள் வழக்கம்போலக் கிணற்றடியில் மேட்டுப்பாத்தி கட்டி விதைத்தாள். முளைத்த நாற்று மூன்றே நாளில் வெயிலில் சுருண்டுபோனது. சிட்டாள் பாத்தி பக்கமே போகவில்லை. தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கி, கண்ணில் ஓட்டை போட்டு, ஆற்று மணலும் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, சமையல்கட்டின் பின்சுவர் நிழலில் வரிசையாக வைத்தாள். சிரட்டைக்கு நாலு விதை. எறும்பு வராமல் மேலே ஒரு சிட்டிகை சாம்பல், அதற்கு மேல் நறுக்கிய வைக்கோல். அரிசி கழுவிய தண்ணீரை வேப்பங்கொத்தில் தொட்டுத் தொட்டுத் தெளித்தாள்.

"சொப்பு வச்சு விளையாடுறாளாக்கும்" என்று அக்கம்மாள் சிரித்தாள்.

எட்டாம் நாள் அத்தனை சிரட்டையிலும் பச்சை தெரிந்தது. ஒரு காசு செலவில்லாமல், ஒரு குடம் தண்ணீரில் ஒரு கொல்லைக்கு வேண்டிய நாற்று. ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்த அக்கம்மாளைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். "சிட்டா இருக்காளா?" என்று அவளிடமே கேட்டார்கள்.

அதுவரைகூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஐப்பசியில் பெரிய வீட்டுத் தேனம்மை ஆச்சி ஆள் அனுப்பியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆச்சியின் வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து, அப்போதுதான் புதிதாக வந்திருந்த ரயிலில் காரைக்குடியில் இறங்கியிருந்தார். ரங்கூனில் அவர்கள் வீட்டு வாசலில் பூத்த ரோஜாவிலிருந்து நாலு குச்சிகளை வாழைத்தண்டில் குத்தி, ஈரச்சாக்கு சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை வேர்விட வைத்துத் தர ஆச்சி கூப்பிட்டது சிட்டாளை. முந்தின வருஷம் வரை அந்த வீட்டுக்கு மல்லிகைப் பதியன் போட்டுக் கொடுத்தவள் அக்கம்மாள்.

சிட்டாள் குச்சிகளைக் கொண்டுவந்து நிழலில் வைத்துவிட்டு மணல் சலிக்கப் போனாள். திரும்பி வந்தபோது மூன்றுதான் இருந்தன.

"அக்கா, இதுல நாலு இருந்துச்சே?"

"மூணுதான் பாத்தேன். வழியில எங்குட்டாச்சும் விழுந்திருக்கும்."

சிட்டாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குச்சிகளின் அடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவி, கற்றாழைச் சோற்றில் தோய்த்து, உடைந்த பானையின் மணலில் ஊன்றினாள். நுனி காயாமல் இருக்கச் சாணி உருண்டை வைத்தாள்.

நாலாவது குச்சி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல்போர் மறைவில், கவிழ்த்த சட்டிக்கு அடியில் மண்ணில் ஊன்றியிருந்தது. தினமும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் அக்கம்மாள் அதைப் போய்ப் பார்த்தாள். தன்னுடையது முதலில் துளிர்க்க வேண்டும். வேறு வேண்டுதல் அவளுக்கு இல்லை.

இருபது நாள் கழித்துச் சிட்டாளின் மூன்று குச்சியிலும் செம்பு நிறத்தில் துளிர் எட்டிப் பார்த்தது. அக்கம்மாளுடையது மொட்டையாகவே நின்றது.

மறுநாள் உச்சிவெயிலில் எல்லாரும் கடலைக்காட்டுக்குப் போயிருந்தார்கள். அக்கம்மாள் பானையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியை மெல்ல உருவினாள். வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் உருவினாள், அதற்கு மேல் நினைக்கவில்லை. அடியில் வெள்ளை வெளேரென்று நூல் நூலாக வேர். தன் கையில் வந்திருக்க வேண்டிய வேர் என்று தோன்றியது. கட்டைவிரலால் அதை வழித்துவிட்டாள். அடுத்ததையும் உருவினாள். மூன்றாவதையும். பிறகு முன்பு இருந்தபடியே ஊன்றி, மணலைத் தட்டிவிட்டாள்.

நாலைந்து நாளில் துளிர்கள் கருகின. சிட்டாள் பானையருகே குந்தி, காய்ந்த துளிரை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். மாமியார் ராக்காயி கம்பு புடைத்துக்கொண்டே சொன்னாள்: "வந்து மூணு வருசமாச்சு, வகுத்துலயும் ஒண்ணு தங்கல, கையிலயும் ஒண்ணு தங்கல. வெறுங்கை."

அடுப்படியில் நின்ற அக்கம்மாளுக்கு அது கேட்டது. இரண்டு பெற்றவள் அவள். அந்தச் சொல் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு ருசித்தது.

கார்த்திகையில் அவளுடைய குச்சி துளிர்த்தது. மார்கழி பிறப்பதற்குள் விரல் நீளத்துக்கு மூன்று கிளை. அதை ஒரு சின்னச் சட்டிக்கு மாற்றி, முந்தானையால் மூடிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனாள். வழியில் விழுந்த குச்சியைக் கண்டெடுத்தேன் என்று சொல்ல வார்த்தைகளை வழிநெடுக அடுக்கிக்கொண்டு போனாள்.

ஆச்சி வளவு முற்றத்தில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தார். சட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பொழச்சுருச்சா! சிட்டா சொன்னது சரியாப் போச்சு."

"என்ன சொன்னா ஆச்சி?"

"மூணும் கருகிப்போச்சுன்னு வந்து அழுதா. அப்பயே சொன்னா, ஒண்ணை மட்டும் எங்க அக்காகிட்டக் குடுத்து வச்சிருக்கேன், அவுக கையில கட்டாயம் வரும்னு. கெட்டிக்காரி, முன்யோசனையாக் குடுத்து வச்சிருக்கா பாரு."

அக்கம்மாள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆச்சி கொடுத்த வெற்றிலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். துளிர்க்க வைத்தது இவள், பேர் சிட்டாளுக்கு. இரண்டாம் முறையும் தோற்றாகிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் கோபம் தலைக்கேறியிருந்தது.

சிட்டாள் கொல்லையில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஆச்சிகிட்ட எதுக்குப் பொய் சொன்ன? நீ எப்ப என்கிட்டக் குச்சி குடுத்த?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீக?" சிட்டாள் நிமிரவில்லை. "எங்க அக்கா எடுத்து ஒளிச்சு வச்சிருக்காகன்னு சொல்லவா? சட்டி இருக்கிற எடம் எனக்கு அப்பயே தெரியும். சரி, உங்க கையிலயாவது ஒண்ணு வரட்டும்னு விட்டேன்."

அக்கம்மாள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சிட்டாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "எடுத்தீக, சரி. மத்த மூணையும் ஏன் வழிச்சு விட்டீக? உருவிப் பாத்தேன். வேர் வந்த தடம் இருந்துச்சு. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

கேள்வியில் சண்டை இல்லை. 'எல்லாரும் உன்னைத் தேடி வாராக' என்பதுதான் உண்மையான பதில். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

அப்போது தாழ்வாரத்திலிருந்து ராக்காயி குரல் கொடுத்தாள். "அவகிட்ட என்னத்த நின்னு பேசுற? முந்தானைக்குள்ள நீ கொண்டுபோன சட்டியப் பாத்தேன். உன் கையில வந்த குச்சி அவ கையில கருகிப்போச்சு. வெறுங்கைன்னா வெறுங்கைதான்."

சிட்டாளின் முகம் செத்துப்போனதை அக்கம்மாள் பார்த்தாள். முதல் முறை அதை அவள் பார்த்திருக்கவில்லை. அடுப்படியில் நின்று கேட்டாள், அவ்வளவுதான்.

"அத்தை, அவ கையைச் சொல்லாதீக" என்றாள். "மூணும் நல்லா வேர் விட்டுத்தான் இருந்துச்சு. வேரை வழிச்சு விட்டது நான்."

ராக்காயி முறத்தைக் கீழே வைத்தாள். வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக் காளியாயி காதில் அது விழுந்தது. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துபோயிற்று.

அதன்பிறகு யாரும் அக்கம்மாளை விதை தூவக் கூப்பிடவில்லை. அவள் கண் பட்டால் நாற்று கருகும் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தையில் மருது தனி அடுப்பு வைத்தான். சிட்டாள் சிரட்டைகளையெல்லாம் கூடையில் அடுக்கி, கொல்லையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் முள்வேலி கட்டிக்கொண்டாள். அக்கம்மாள் மன்னிப்புக் கேட்கவில்லை. சிட்டாளைத் தேடிப் பெண்கள் போவதை அவளால் இப்போதும் பார்க்க முடியவில்லை. அப்போதெல்லாம் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

மாசியில் ஒருநாள் காலையில் சிட்டாள் வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றாள்.

"ஒரு மல்லிப் பதியன் போட்டேன். ரெண்டு மாசமாச்சு, வேர் விட மாட்டேங்குது. வந்து பாக்குறீகளா?"

அக்கம்மாள் போனாள். வேலிப் படலைச் சிட்டாள் திறந்துவிட்டாள். மண்ணில் வளைத்துப் புதைத்த கொடியின் முன்னால் அக்கம்மாள் குந்தி உட்கார்ந்தாள். கை தன்னால் நீண்டது; பாதியில் அதை இழுத்துக்கொண்டு மடிக்குள் வைத்தாள்.

"கணுவுக்கு அடியில தோலைச் சீவினியா?"

"இல்லை."

"அதான். லேசாச் சீவி, மறுபடி மண்ணு போட்டு, மேல ஒரு கல்லை வையி. அசையக் கூடாது."

சிட்டாள் கத்தியால் சீவினாள். "இம்புட்டுப் போதுமா?"

"இன்னங்கொஞ்சம். போதும், போதும்."

சிட்டாள் மண்ணை அணைத்தாள். அக்கம்மாள் எழுந்து, சுவரோரம் கிடந்த கல்லைக் காலால் அவள் பக்கம் நகர்த்திவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.