நாலு நிமிஷ மோட்டார்

அயனம்பாக்கம் ஏரிக்கரை மூன்றாவது தெருவாசிகளுக்கும், சேக்காடு, வெள்ளானூர் முதலிய திசைகளிலிருந்து மாலையும் கையுமாக வந்து காத்திருக்கும் உற்றார் உறவினருக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்: கப்பல்காரர் வீரராகவன் இன்னும் சாகவில்லை.

இந்தத் தகவல் உள்ளேயிருந்து மூன்றாவது முறையாக வெளியே வந்தபோது, அவருடைய சகலை ஆனந்தன் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நீல டிரம் ஒன்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமையே டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று ஞாயிறு. மகன் லோகேஷ் பால் ஊற்றிவிட்டான். பேரப்பிள்ளைகள் ஊற்றிவிட்டார்கள். அந்தத் தெருவில் யார் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கும் பக்கத்து வீட்டு ராணி, காசை உரசிய தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். வெள்ளானூர் நிலத்தை விற்றுப் பதினாலு வருஷமாகியும், இப்போது அங்கே நிற்கிற அடுக்குமாடி வாட்ச்மேனைக் கெஞ்சி ஒரு பிடி மண் வாங்கிவந்து கரைத்துக் கொடுத்தாள். அப்படியும் கண் மூடவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

“மண்ணும் இல்ல, பொன்னும் இல்ல. மனசுல வேற எதுவோ கீது,” என்றாள் ராணி.

“வேற இன்னா? அந்தப் பாழாப்போன மோட்டாருதான்,” என்றாள் மனைவி வடிவு. “ஒரு வாட்டி நிக்காம ஓடுற சத்தத்த கேட்டா போயிடுவாரு. தம்பிக்குப் போன் போடு.”

தம்பி என்றால் ஆனந்தன். வடிவின் தங்கை சுலோசனாவின் புருஷன்.

கோவளம் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டின் சாமான்களை ஏலம் விட்டபோது, ஓய்வுபெற்ற ஃபோர்மேன் வீரராகவன் கட்டிலும் மேசையும் வாங்கப் போய், பன்னிரண்டு அடிப் பாய்ப்படகு ஒன்றையும் அதன் பின்னால் மாட்டுகிற பழைய மோட்டாரையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏரியில் விட அனுமதி கிடைக்கவில்லை. படகு சந்தில் நின்றது. நட்டால் கரண்ட் கம்பியில் இடிக்கும் என்று பாய்மரம் மொட்டைமாடிக்குப் போனது. அதில் வடிவு துணி காயப்போட்டாள். பாய், பேத்தியின் காதுகுத்துக்குப் பந்தலானது. மழைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத அந்தப் படகை வைத்துக்கொண்டு மனுஷர் ஊருக்கே கப்பல்காரர் ஆகிவிட்டார். பால்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். கவுன்சிலர் ‘கப்பல் சார்’ என்றார்.

ஆனந்தன் முப்பத்திரண்டு வருஷமாகச் சேக்காட்டில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஆவடியில் பாதி வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவது அவன் கைராசியில்தான். ஊர் அவனுக்குக் கொடுத்த பட்டம், பம்பு.

“மாமாவ பாரு, இந்த வயசுலயும் இன்னா ஒரு ஆச!” என்பாள் சுலோசனா, சாதம் போடும்போது. “உனுக்கு இன்னா கீது? கிரீஸு.”

போன ஆயுத பூஜைக்குத்தான் அது நடந்தது. ஓடாமல் கிடந்த மோட்டாரை ஆனந்தன் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்து, கார்பரேட்டரைக் கழுவி, ப்ளக் மாற்றி, சூடேறாமலிருக்க டிரம் தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டினான். கால் மணி நேரம் கும்மென்று ஓடியது. தெருவே கூடிவிட்டது. வீரராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “நான் அப்பவே சொன்னேன், ப்ளக்குதான்னு. நம்ம பம்புக்கு நான்தான் கூட நின்னு சொல்லிக் குட்த்தேன்.”

சுலோசனா கைதட்டினாள்.

பெட்ரோல் டாங்க் மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் தளர்த்தி வைத்தால்தான் உள்ளே காற்று போகும். காற்று போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். இறுக்கிவிட்டால் மோட்டார் நன்றாகக் கிளம்பி, நாலு நிமிஷம் ஓடி, மூச்சு முட்டி நின்றுவிடும். மோட்டாரை அணைத்துவிட்டுச் சாமான்களை எடுத்துவைக்கிற சாக்கில் ஆனந்தனின் இரண்டு விரல்கள் அந்தத் திருகை இறுக்கின. விரல்கள்தான் செய்தன. ஆனந்தன் அந்த நேரம் சுண்டல் வாங்கப் போய்விட்டதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அதற்கப்புறம் மூன்று பைக் மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பெட்ரோல் பம்பு மாறியது, குழாய் மாறியது, நிற்பது மாறவில்லை. வீரராகவன் டாங்கை வீட்டில் வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே படகுக்காரர்களின் டாங்கில் மாட்டினால் அரைமணி ஓடியது. வீட்டுக்கு வந்தால் நாலு நிமிஷம். “இது கடல் மோட்டாரு. உப்புத் தண்ணிக்குப் பழகினது, நம்ம போர் தண்ணி ஒத்துக்கல,” என்று முடிவுகட்டி, டிரம்மில் ஒரு மூட்டை கல்லுப்பு கொட்டினார். அதற்கும் நாலு நிமிஷம். ஆனந்தனை மட்டும் அவர் கூப்பிடவில்லை. ஆனந்தனும் போகவில்லை.

இன்று தெருவே கூப்பிட்டிருக்கிறது.

டிரம் நிறைந்தது. டாங்கில் பெட்ரோல் ஊற்றி மூடியைப் போட்டான். விரல் திருகுக்குப் போனது.

“கொஞ்சம் பொறுப்பா பாருய்யா,” என்றாள் பின்னாலிருந்து சுலோசனா. “மாமா எழுந்து வந்திருந்தா இந்நேரம் ஓட வச்சிருப்பாரு.”

விரல் திரும்பி வந்துவிட்டது. ரப்பர் குமிழை அமுக்கி, சோக்கை இழுத்து, கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். மோட்டார் நீலப் புகை கக்கிக் கிளம்பியது. நாலு நிமிஷம். இருமியது. நின்றது.

ஜன்னலில் வடிவின் முகம் தெரிந்தது. “தம்பி, சத்தம் கேட்டதும் கைய மடக்கினாருப்பா. மோட்டாரோட கைப்பிடிய புடிச்ச மாதிரி. நின்னதும் விட்டுட்டாரு. இன்னும் ஒரே ஒரு வாட்டி.”

ஆனந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

சரி, திறந்துவிடலாம். அந்த மனுஷருக்காக இல்லை, அண்ணிக்காக. ஒரு விநாடி வேலை. ஆனால் ஒரு விநாடியில் சரிசெய்தால் யார் மெச்சுவார்கள்? ஆறு மாதம் மூன்று மெக்கானிக்குகளைத் தோற்கடித்த மோட்டார், இரண்டு விரல் திருப்பலில் ஓடிவிட்டால், ‘இவ்ளோதானா?’ என்பார்கள். பையைத் திறந்தான். ஸ்பேனர்களை ஒரு துணியில் பரப்பினான். மோட்டாரின் மேல் மூடியைக் கழற்றினான்.

சந்துக்கு நாற்காலிகள் வந்தன. உள்ளே அழுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஆனந்தன் ப்ளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, வெயிலில் தூக்கிப் பார்த்தான். கார்பரேட்டரை இறக்கினான். யாரோ, “கையப் பாரு, டாக்டரு மாதிரி,” என்றார்கள். ஆனந்தனின் காது குளிர்ந்தது. பம்பு ஆனந்தன் ஓட்டிய பிறகுதான் கப்பல்காரர் உயிர் நல்லபடியாகப் பிரிந்தது என்று ஊர் பேசும். கருமாதி வரைக்கும் பேசும். இன்னொரு முறை ப்ளக்கைத் துடைத்தான்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கடைசியில், யாரும் பார்க்காதபோது திருகைத் தளர்த்தினான். ‘ஸ்ஸ்’ என்று டாங்க் மூச்சு வாங்கியது.

மோட்டார் கிளம்பியது. லோகேஷ் போனில் மணி பார்த்தான். நாலு நிமிஷம் ஆனதும் சந்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அஞ்சு. ஆறு. சுலோசனா கைதட்டினாள், இந்தமுறை புருஷனைப் பார்த்து. ஆனந்தன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான்.

அங்கே வடிவு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. வாய் அசைந்தது, மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பின்வாசல் வழியாகச் சந்துக்கு வந்தாள்.

“போயிட்டாருப்பா.”

“எப்போ அண்ணி?”

“நீ அந்த ப்ளக்க ரெண்டாவது வாட்டி தொடச்சிகினு இருந்தியே, அப்போ. கூப்புட்டேன். எல்லாரும் உன்னையே பாத்துகினு இருந்தாங்க.”

ராணி மார்பில் கையை வைத்தாள். “அப்ப, உசிரு போனப்புறமா இது ஓடுது? உயிரோட இருந்த வரைக்கும் நாலு நிமிஷம் தாண்டாதது?”

“மாமா!” என்று அலறினாள் சுலோசனா. “மாமாவே வந்து ஓட்டறாரு!”

கூட்டம் டிரம்மை விட்டு ஓரடி பின்வாங்கியது. பிறகு கும்பிட்டது. உள்ளே போகவேண்டிய மாலை ஒன்று மோட்டார் கழுத்தில் விழுந்தது.

லோகேஷ் ஒருவன்தான் கேட்டான். “சித்தப்பா, நீங்க இன்னா பண்ணீங்க? எதுல ப்ராப்ளம் இருந்துச்சு?”

ஆனந்தன் டாங்க் மூடியைப் பார்த்தான். தளர்த்தினேன் என்று சொன்னால், இறுக்கியது யார் என்று கேள்வி வரும்.

“நான் ஒண்ணும் பண்ணலப்பா.”

“பாத்தீங்களா, அவரே சொல்றாரு,” என்றாள் சுலோசனா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எல்லோரும் உள்ளே போனார்கள். அழுகை பெரிதாக எழுந்தது. மோட்டாரை அணைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனந்தன் கிரீஸ் கையோடு அதன் எதிரே தனியாக நின்றான். கைப்பிடி அதிர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்தான். எடுத்துவிட்டான்.

முக்கால் மணி நேரம் கழித்து மோட்டார் தானாக நின்றது. உள்ளே அழுகையும் ஒரு கணம் நின்றது.

“ஆத்மா அடங்கிடுச்சு,” என்றாள் ராணி.

பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது.