தகப்பன்மாருக்கான மன்றாட்டு

பதின்மூன்று வயதைத் தாண்டிய மகளை வளர்க்கத் தெரிந்த தகப்பன் திண்டுக்கல் டவுனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் நாகல் நகரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஆனந்த்ராஜ். இது 2004ஆம் ஆண்டு நிலவரம். சாணார்பட்டியிலிருந்தும் எரியோட்டிலிருந்தும் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயிகள் எல்லோருக்கும் இந்தத் தகவல் தெரியும். செம்புக் கம்பிக் காயில் சுற்றி முடிக்கும்வரை அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

“பொம்பளப் பிள்ளைய வளக்குறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லண்ணே. மனசுல உள்ளத மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடணும். சுத்தி வளச்சுச் சொன்னாத்தான் பிள்ளைக கெட்டுப்போகும்.”

“அது சரிதாப்பா,” என்பார் எரியோடு கண்ணுசாமி. “மோட்டாரு எப்பக் கிடைக்கும்?”

சுற்றி வளைப்பதற்கு உதாரணமாகக் காட்ட ஆனந்த்ராஜிடம் ஓர் ஆள் தயாராக இருந்தார். மனைவி மரியபுஷ்பத்தின் அண்ணன் ஆரோக்கியதாஸ். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், கடைசியாக ஆளாளுக்கு ஒரு மன்றாட்டு சொல்வார்கள். ஒருவர் மழைக்காகச் சொல்வார், இன்னொருவர் மூட்டுவலிக்காக. ஆரோக்கியதாஸ் தன் மகளுக்காகச் சொல்வார், அவளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு.

“ஆண்டவரே, கணக்குப் பரீட்சையில கோட்டை விட்டுட்டு, டிவி ரிமோட்டத் தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குற பிள்ளைகளுக்கு நல்ல புத்தியத் தரணும்னு உம்மை மன்றாடுகிறோம்.”

உடனே எல்லோரும் ஒரே குரலில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்பார்கள். அந்தப் பெண்ணும் சேர்ந்து சொல்லியாக வேண்டும். தன்மேல் வாசித்த குற்றப்பத்திரிகைக்குத் தானே ஆமாம் போடும் வசதி வேறெந்த நீதிமன்றத்திலும் கிடையாது.

“ஏன் மச்சான், பெத்த மககிட்டப் பேச உங்களுக்கு வாய் இல்லையா?” என்று திரும்பி வரும் வழியெல்லாம் ஆனந்த்ராஜ் சிரிப்பார். “ஒரே வீட்டுக்குள்ள பேசிக்கிறதுக்கு ஆண்டவரு என்ன போஸ்ட்மேனா?”

“ஒம்மகளும் வளருவால்ல மாப்ள. அப்பப் பாப்போம்.”

அவளும் வளர்ந்தாள். பெயர் சகாயசெல்வி, ஒன்பதாம் வகுப்பு, கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. வரப்போகும் பங்குக் கோயில் திருவிழாப் பூசையில் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாடப்போவது அவள்தான். ஒரு மாதமாக அது குளியலறையில் ஒத்திகையில் இருந்தது. வீட்டில் கேட்ட பாட்டைக் கடையில் முணுமுணுத்துக்கொண்டே காயில் சுற்றியதில் ஆனந்த்ராஜுக்கு எண்ணிக்கை தவறி, கண்ணுசாமியின் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் பாட்டு மட்டும் பாடியது.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறன்று செல்வி தன் முன்முடியைப் புருவம்வரை கத்தரித்து, வரிசையாக நெற்றியில் விழவிட்டுக்கொண்டு பூசைக்கு வந்தாள். வெட்டியது அவளே, அம்மாவின் தையல் மிஷினில் இருந்த கத்தரியால். பூசை முடிந்து கோயில் வாசலில் பாடகர் குழு மொத்தமும் நின்றபோது ஆனந்த்ராஜ் தன் கொள்கைப்படி மூஞ்சிக்கு நேராகச் சொன்னார்.

“என்னம்மா, நெத்தியில தாழ்வாரம் எறக்கியிருக்க? மழை வருதுன்னா?”

பாடகர் குழு சிரித்தது. ஆர்மோனியம் வாசிக்கும் சிஸ்டரும் சிரித்துவிட்டு, பிறகு இருமியதாகக் காட்டிக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் செல்விக்குத் ‘தாழ்வாரம்’ என்று பெயர் வந்துவிட்டது.

அதோடு அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதெல்லாம் அம்மா வழியாக வந்தது, அப்பா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

“அம்மா, கடைக்குப் போறவங்க தூக்குச்சட்டிய மறந்துட்டுப் போறாங்க.”

“அம்மா, தொட்டுக்க வெஞ்சனம் இன்னும் வேணுமான்னு கேட்டுச் சொல்லு.”

“அம்மா, திருவிழாப் பூசைக்கு நான் பாடல. சனிக்கிழமை சிஸ்டர்கிட்டச் சொல்லப்போறேன்னு சொல்லிரு.”

மூன்றாவதைக் கேட்டதும் ஆனந்த்ராஜ் தட்டைத் தள்ளி வைத்தார். “செல்வி, நான் நேரா சொல்றேன் கேளு,” என்று ஆரம்பித்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூஞ்சிக்கு நேராகப் பேச எதிரே ஒரு மூஞ்சி வேண்டும் என்ற சின்ன விஷயம் அவர் கொள்கையில் விட்டுப்போயிருந்தது. பிரியாணி வாங்கி வந்தார். அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்கு நன்றி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டு முறை. மரியபுஷ்பம் சுண்டல் தாளித்தாள். பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பைபிள் வாசித்து, பகிர்ந்து, மன்றாட்டுக்கு வந்தார்கள். மழை வந்தது, மூட்டுவலி வந்தது. அப்புறம் மூலையிலிருந்து ஒரு குரல் தெளிவாக எழுந்தது.

“ஆண்டவரே, கோயில் வாசல்ல நாலு பேரு முன்னாடி பெத்த பிள்ளைங்க மானத்த வாங்குற தகப்பன்மாருக்கு நாவடக்கத்தத் தரணும்னு உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!”

மழைக்குக்கூட அவ்வளவு சத்தம் வந்ததில்லை. பல வருடப் பழக்கத்தில் ஆனந்த்ராஜின் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். எதிரே ஆரோக்கியதாஸ் ஒரு கண்ணை மட்டும் மூடிப் பக்தியாக இருந்தார். இதற்குப் பதில் சொல்ல ஆனந்த்ராஜிடம் நியாயங்கள் இருந்தன. ஆனால் செபத்துக்குக் குறுக்கே பேசும் வழக்கம் கிடையாதே! அதோடு இன்னொன்றும் உறைத்தது. இந்த ஒரு வாரத்தில் மகள் அவரை நினைத்து, அவர் காதுபட, அம்மா வழியாக இல்லாமல் பேசிய முதல் பேச்சு இது. திட்டுதான். ஆனாலும் பேச்சு.

“வேற யாருக்கும் மன்றாட்டு இருக்கா?” என்று கேட்டார் கூட்டத்தை நடத்தும் செபாஸ்தியம்மாள். “இல்லன்னா முடிச்சுக்கிருவோம்.”

முடித்தால் செல்வி எழுந்து உள்ளே போய்விடுவாள். விடிந்தால் சிஸ்டரிடம் சொல்லிவிடுவாள்.

“ஆண்டவரே,” என்றது ஆனந்த்ராஜின் குரல். அவருக்கே அது யாருடையது என்று தெரியவில்லை. “அந்த முடி நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சும், நாலு பேரு சிரிக்கட்டுமேன்னு வாய விட்ட ஒரு மெக்கானிக்க மன்னிச்சு… அந்தப் பிள்ள ஞாயித்துக்கிழமை பாடணும்னு… உம்மை மன்றாடுகிறோம்.”

எல்லோரும் கண்ணை மூடியபடியே மூலையைப் பார்த்தார்கள்.

“ஆண்டவரே,” என்றாள் செல்வி. “அப்படிப் பாடுறப்ப முன்பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, ‘எம்மக, எம்மக’ன்னு பக்கத்துல உள்ளவங்க விலாவுல இடிக்காத வரத்த அந்த மெக்கானிக்குக்குத் தரணும்னு உம்மை மன்றாடுகிறோம்.”

“கேட்டருளும், கேட்டருளும்,” என்று கூட்டம் குலுங்கியது. செபாஸ்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சுண்டல் ஆறுது,” என்றாள் மரியபுஷ்பம், யாரிடம் என்றில்லாமல்.

“மாப்ள, அடுத்தத செத்த சத்தமாச் சொல்லு,” என்றார் ஆரோக்கியதாஸ். “பின்னாடி கேக்கல.”

ஆனந்த்ராஜ் அவர் பக்கமே திரும்பவில்லை. பாட்டின் கடைசி அடியில் ஒரே ஒரு தடவை மட்டும் இடித்துக்கொள்ள அனுமதி உண்டா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கண்ணை இறுக மூடினார். கையைக் கூப்பினார்.

“ஆண்டவரே,” என்று மெதுவாக ஆரம்பித்தார்.