கிலுக்கம் என்ற சொல் வந்த வழி

பதினேழாவது மாத்திரையை விழுங்கிய செவ்வாய்க்கிழமையிலிருந்து, கடிகாரம் பழுது பார்ப்பவர் நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. சட்டைப்பையில் ஒன்றுமில்லை, வயிற்றுக்குள்ளிருந்துதான் வந்தது. மாடிவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, குழந்தை எங்கே என்று விசாரித்தார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் இரத்த அழுத்தத்துக்கென்று ஒரே ஒரு மாத்திரையில்தான் ஆரம்பித்தார். அதனால் கால் வீங்கியது. வீக்கத்துக்கு வேறொரு டாக்டர் ஒன்று கொடுத்தார். அது கெண்டைக்காலை இழுத்துப் பிடித்தது, அதற்கொன்று. அது தலையைச் சுற்ற வைத்தது, அதற்கும் ஒன்று. கொடுத்ததை வேண்டாமென்பது மரியாதையில்லை என்று நினைக்கிற ஆள் அவர். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்தால் தன் கிலுகிலுதான் கேட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைச் செத்துவிட்டதென்று திருப்பிக் கொடுத்த அன்று, கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். மாத்திரை அட்டைகளையெல்லாம் துணிப்பையில் அள்ளி, கணவரையும் இழுத்துக்கொண்டு போய், தெருக்கோடி டாக்டரம்மாவின் மேஜையில் கொட்டினாள்.

"இவருக்கு என்னம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"கிலுக்கம்" என்றாள் மனைவி, யோசிக்காமல். அப்படியொரு நோயை அந்த ஊர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். "பதினேழு. இதுல நாலுதான் நோய்க்கு. மிச்சமெல்லாம் மருந்துக்குக் குடுத்த மருந்து."

"அப்ப எல்லாத்தையும் இங்கயே எறக்கி விட்டுடவா?"

"ஐயோ, நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. ஸ்டாப் ஸ்டாப்பாத்தான் எறக்கணும். நான் சொல்றேன்."

எட்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு மாத்திரை இறங்கியபோதும் ஒரு சத்தம் குறைந்தது. கால் வீக்கம் வடிந்தது, தலைச்சுற்றல் நின்றது. ஒரு சாயங்காலம் மனைவியின் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்தவர், "உள்ள சக்கரத்துல ஒரு பல்லு தேஞ்சிருக்கே" என்றார்.

"அது தேஞ்சு நாலு வருஷமாச்சு. இப்பத்தான் காதுல விழுதாக்கும்" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொல் அவர்களோடு நிற்கவில்லை. தேவைக்கு மேல் மருந்து தின்பதற்குக் கிலுக்கம் என்றே காய்கறிக்காரி முதல் கம்பவுண்டர் வரை சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் எடை பார்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் கிடக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் லேசாகக் குதிக்கிறார்கள். முடியாதவர்களைக் கூட வந்தவர்கள் தோளைப் பிடித்து ஆட்டுகிறார்கள். நர்ஸ் காது கொடுத்துக் கேட்டு, எத்தனை மாத்திரை என்று சீட்டில் குறித்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுகிறாள்.