ஆறு பீரியடு சாப்பாடு

நாற்பத்து மூன்று கிலோ!

தராசு பொய் சொல்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பள்ளிக்கூடத்துத் தராசு அது. பிள்ளைகளின் எடையை எழுதி வைப்பதற்காக வந்தது. தலைமையாசிரியை என்கிற உரிமையில் ஐந்து வாரமாக அதை எங்கள் வீட்டு ஹாலில் போட்டிருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரரை அதன்மேல் ஏற்றுவேன். போன வாரம் நாற்பத்தைந்து. அதற்கே எனக்குத் தூக்கம் போயிருந்தது.

"எறங்குங்க, நான் ஏறிப் பாக்குறேன்" என்றேன்.

ஏறினேன். எனக்கு மூன்று கிலோ கூடியிருந்தது. அவர் மிச்சம் வைத்ததையெல்லாம் வீணாக்க மனசில்லாமல் தின்று தீர்த்தவள் நான்தானே. தராசு ஒழுங்காகத்தான் இருந்தது. அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பெயர் மைக்கேல்சாமி. கீரனூர்–திருச்சி பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டர். திருவிழாக் கூட்டத்தையும் பிளந்துகொண்டு கடைசி சீட் வரை போய் டிக்கெட் போடுகிற உடம்பு. கணையத்தில் கட்டி என்று சொல்லி, திருச்சியில் எட்டு மணி நேரம் ஆபரேஷன் செய்து, கணையத்தின் தலைப்பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது நாற்பத்தெட்டு கிலோ. "அடுத்து கீமோ குடுக்கணும். இன்னும் எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், தள்ளிப்போனா பிரயோசனம் இல்ல. நாப்பத்தஞ்சுக்குக் கீழ போயிட்டா என்னால கீமோ குடுக்க முடியாது" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது மூன்று வாரம்தான் பாக்கி.

நான் என்ன சும்மாவா இருந்தேன்? வந்த அன்றைக்கே டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஒரு நாளைக்கு ஆறு பீரியடு சாப்பாடு. காலை ஆறரைக்குக் கஞ்சி, ஒன்பதுக்கு இட்லி என்று இரவு வரைக்கும். ஒரு நிமிஷம் பிந்தாது. கணையம் சரியாகச் சுரக்காததால் தின்றது செரிக்காதாம். அதற்காக ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு கேப்சூல் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் விளக்க வந்தபோது, "நான் டீச்சர்மா, பேப்பரக் குடு, படிச்சுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். நேரத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை, மாதா மேல் சத்தியம்.

"வேணும்னே எளைக்கிறீங்களா?" என்று அன்றைக்கு அவர்மேல் பாய்ந்தேன்.

"நீ குடுக்குறதத்தானே செல்வி திங்கிறேன்" என்றார். சட்டைக்குள் தோள் எலும்பு தனியாகத் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, உணவு ஆலோசனை சொல்லும் ஃபெமினாவிடம் அனுப்பினார். என் மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இவள் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறாள் என்றுதான் போய் உட்கார்ந்தேன்.

"மோஷன் எப்படிங்கய்யா போகுது?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் நல்லாப் போகுது" என்றேன்.

"டீச்சர், அவரே சொல்லட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எண்ணெயாட்டம் மெதக்குதும்மா. நாளைக்கு அஞ்சு தடவ போகுது. எத்தன தண்ணி ஊத்துனாலும் போய்த் தொலைய மாட்டேங்குது. பக்கெட் பக்கெட்டா ஊத்திக் கழுவிட்டுத்தான் வெளிய வருவேன்."

"எத்தன நாளா?"

"வீட்டுக்குப் போனதுலேருந்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து வாரம்! ஒரே வீட்டில் இருந்துகொண்டு! "ஏங்க, எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்று அந்த ரூமே அதிரக் கத்தினேன்.

"சொன்னேனே செல்வி. மொத வாரமே சொன்னேன். ஒடனே முட்டைய நிறுத்துன, எண்ணெய நிறுத்துன. இன்னொருக்கா சொன்னா இட்லியையும் நிறுத்திருவியோன்னு இருந்துட்டேன்."

பத்தியம் என்று நான்தான் நிறுத்தினேன். வயிற்றில் கத்தி பட்டவருக்கு எண்ணெய் ஆகாது என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள்.

ஃபெமினா என் பக்கம் திரும்பினாள். "கேப்சூல் குடுக்குறீங்களா டீச்சர்?"

அதிலாவது என்னைக் குறை சொல்ல முடியாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஒரு வேளை விட்டதில்லம்மா. மொத நாளு முழுங்கும்போது தொண்டையில சிக்கி அவருக்குக் கண்ணு முழி பிதுங்கிருச்சு. அதுலேருந்து நானே கேப்சூலப் பிரிச்சு, உள்ள இருக்குற மணியப் பூரிக்கட்டையால நல்லா நுணுக்கி, சுடச்சுடக் கஞ்சியில கலந்து குடுத்துடுறேன். இட்லின்னா கொதிக்கிற ரசத்துல. ஒரு பொட்டு வீணாகாது."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் ஃபைலைத் திறந்து, நான் சிவப்பு மையால் கோடு போட்டிருந்த தாளை எடுத்து, திருப்பி வைத்தாள். பின்பக்கம் தமிழில்தான் இருந்தது. 'முழுதாக விழுங்கவும். உள்ளிருக்கும் மணிகளை நசுக்கக் கூடாது. சூடான உணவில் கலக்கக் கூடாது.'

"அந்த மணிக்கு ஒரு மேல்பூச்சு இருக்குங்க. வயித்துப் புளிப்புல கரையாம குடலுக்குப் போய்த்தான் ஒடையணும். நுணுக்கிட்டா மருந்து வயித்துலயே செத்துரும். கொதிக்கிற கஞ்சியில போட்டா அதுக்கு முந்தியே செத்துரும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சத்தம் போட்டிருப்பேன்.

ஐயோ மாதாவே! முப்பது வருஷமாக நான் பிள்ளைகளைப் பிரம்பைத் தட்டிக் கேட்டது என்ன? "கேள்விய முழுசாப் படிச்சியா? பின்பக்கம் பாத்தியா?" ஐந்து வாரம் நாளைக்கு ஆறு தடவை உட்கார்ந்து, பொறுமையாக, அன்பாக, என் கையாலேயே அவர் மருந்தைக் கொன்று ஊட்டியிருக்கிறேன். அவர் ஒரு தடவை, "அப்படியே குடு செல்வி, இப்ப முழுங்கிருவேன்" என்றுகூடச் சொன்னார். "வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்று சொன்னதும் நான்தான்.

"நான்தான் பட்டினி போட்டிருக்கேன்" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இப்பவாவது தெரிஞ்சதே" என்றாள் ஃபெமினா. முட்டை, எண்ணெய், மீன் எல்லாம் திரும்பக் கொடுக்கச் சொன்னாள். முதல் வாயோடு ஒரு கேப்சூல், பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. "ரெண்டு வாரம் பாப்போம். ஏறலைன்னா மூக்கு வழியா டியூப் போட்டுச் சத்து குடுக்கலாம். டாக்டர்ட்ட நான் பேசுறேன்."

அன்று மத்தியானம் வீட்டில் நல்லெண்ணெய் ஊற்றி முட்டை பொரித்தேன். அவர் ஒரு வாய் எடுத்து வைத்து, கேப்சூலைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

"முழுங்கிட்டேன் டீச்சர்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் காலையில் பாத்ரூமிலிருந்து, "செல்வி, இங்கிட்டு வா!" என்று சத்தம். விழுந்துவிட்டார் என்றே நினைத்து, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாக உள்ளே தாழ்ப்பாள் போடாமல் இருந்ததே இல்லாத மனுஷன், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கைலியைப் பிடித்தபடி கூச்சத்தோடு நின்றார்.

"பாரு" என்று காட்டினார். "முங்கிருச்சு."

பார்த்தேன். ஆமாம், முங்கித்தான் இருந்தது.

சீ, இதையெல்லாமா கூப்பிட்டுக் காட்டுவார்கள் என்று திட்டத்தான் வாயெடுத்தேன். பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். தராசு ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லுமோ எனக்குத் தெரியாது. அவர் இனிமேல் என்னிடம் சொல்வார் என்பது மட்டும் தெரிந்தது.

"அழுகாத செல்வி. ரெண்டாவது பீரியடுக்கு நேரமாச்சு" என்றார். "ரெண்டு முட்டையாப் போடு."

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.