சுந்தரிக்கு வயிறு உப்புசம்

பாலக்காட்டுப் பக்கத்து நல்லேப்பிள்ளி சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்கு வயிறு உப்பினால் முதலில் ஆள் அனுப்புவது மிருகாஸ்பத்திரிக்கு அல்ல, ரத்தினசாமி வீட்டுக்கு. ஆஸ்பத்திரி பத்து மணிக்குத்தான் திறக்கும். உப்புசம் பத்து மணி வரைக்கும் பொறுத்திருக்குமா? மனுஷன் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். மாட்டின் இடது பக்க வயிற்றுப் பள்ளத்தில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தால் மடியிலிருந்து குழாய் வைத்த தடி ஊசியை எடுப்பார். புஸ்ஸென்று காற்று வெளியேறும். மாடு பெருமூச்சு விடும், மாட்டுக்காரனும் கூடவே விடுவான். முப்பது வருஷத்தில் ஒரு மாட்டைக்கூட அவர் பறிகொடுத்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உண்டு.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு சித்திரை மாதக் காலையில், விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீனுக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

மீன் அவருடையது இல்லை, மருமகள் சித்ராவுடையது. சித்ரா மலைமேல் ஆனைக்கரைக்காரி, ஏலத்தோட்டத்துக் குடும்பம். மகன் சிவப்பிரகாஷ் கொச்சியில் வேலை பார்த்தபோது பழகிக் கட்டிக்கொண்டு வந்த பெண். கல்யாணத்துக்கு மறுநாள், கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, ரத்தினசாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா?

"மலையில இருந்து வந்த புள்ளைக்கு மாடு கன்னு தெரியுமாக்கு?" என்று கேட்டு வைத்தார்.

"எனக்கு மாட்டைத் தெரியாட்டி என்ன, மாட்டுக்கு என்னையத் தெரிஞ்சாப் போதும்ல?" என்றாள் புதுப்பெண், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே.

கூடமே சிரித்தது. ரத்தினசாமி சிரிக்கவில்லை. அன்றைக்கு அறுந்த பேச்சு, ஒரு வருஷம் ஓடிவிட்டது. சண்டை என்று ஒன்றும் கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் ரத்தினசாமியின் மனைவி கமலாத்தாள் இருந்தாள், அவ்வளவுதான். மருமகள் மூன்றடி தள்ளி நிற்கும்போதே, "கமலா, கரண்டுக்காரன் வந்தானான்னு அந்தப் புள்ளையக் கேளு" என்பார் ரத்தினசாமி. "அத்தே, வரலைன்னு மாமாகிட்டச் சொல்லுங்க" என்பாள் சித்ரா. "நான் என்ன இந்த ஊட்டுக்குத் தபால்காரியா?" என்று கமலாத்தாள் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போன நாட்களும் உண்டு.

சித்ராவுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மிச்ச நேரமெல்லாம் மீன் தொட்டி. கல்யாண வயசில்தான் கடலையே முதன்முதலாகப் பார்த்தவள், கூடத்தில் டி.வி. இருந்த இடத்தில் ஒரு கடலைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மூட்டை மூட்டையாக அதற்கென்று தனி உப்பு. பவளப்பாறை மாதிரி ஓட்டை ஓட்டையாய்க் கற்கள். அதற்குள்ளே, கொச்சியில் மீன் கடை வைத்திருக்கும் ஜோமோன் என்பவன் காரில் குளிர்ப்பெட்டியோடு கொண்டுவந்து ஒப்படைத்த ஒரே ஒரு மீன். ரோஜா நிறம், முதுகில் மஞ்சள் பட்டை. பெயர் சுந்தரி.

சுந்தரி கடலில் நூறு மீட்டர் ஆழத்தில் பாறை இடுக்கில் வாழ்கிற ரகம். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது. அதனால் தொட்டிக்கு மங்கலான நீல விளக்கு, தண்ணீரைக் குளிர வைக்க ஒரு மெஷின், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். வெளியில் பாலக்காட்டு வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. "என்ற ஊட்டுல எனக்கே ஃபேன்தான், இதுக்கு ஏசியாமா!" என்று ரத்தினசாமி பொருமினார். வந்த அன்றைக்கே, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "இது அமாவாசை தாண்டாது" என்று வேறு சொல்லி வைத்தார். அமாவாசை தாண்டியது. மீன் பாறைக்குப் பின்னால் சௌக்கியமாக இருந்தது.

அப்போதுதான் ஆனைக்கரையில் சித்ராவின் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. சித்ராவும் சிவப்பிரகாஷும் கிளம்பினார்கள். கமலாத்தாளுக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது. கார் கிளம்புவதற்கு முன் சித்ரா நேராக மாட்டுத்தொழுவத்துக்கு வந்தாள். நடுவில் கமலாத்தாள் இல்லை, யாருமே இல்லை.

"மாமா," என்றாள். "மூணு நாளு. சுந்தரியை உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்கதான் பாத்துக்கிரணும்."

ரத்தினசாமி தலையை ஆட்டினார். "ம்" என்றார். கார் தெருமுனை திரும்பியதும் காரிப்பசுவின் காதில் போய், "பாத்தியா, என்னைத்தான் நம்பியிருக்குது!" என்றார். அன்றைக்கு முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீனி விஷயத்தை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள் சித்ரா. ஐஸில் உறைந்த இறால், நகக்கண் அளவு, ஒரு நாளைக்கு ஒரே தடவை. முதல் நாள் அப்படியே போட்டார். மறுநாள் அந்த நகக்கண் அளவைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஏழு மாட்டுக்குத் தீனி வைக்கிற கை அது. நம்பி விட்டுப்போன ஜீவனைப் பட்டினி போட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? அதுவும் மீன் பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, தீனி வைக்காத வீட்டு மாடு மாதிரி ஒரு பார்வை வேறு பார்த்தது.

"பசியில கெடக்குது பாரு, பாவம்" என்றார்.

கடலைப் பிண்ணாக்கை நன்றாக ஊறவைத்து, கட்டி இல்லாமல் கரைத்து, நிறைய அள்ளிப் போட்டார். சுந்தரி வெளியே வந்தது. தின்றது. திரும்ப வந்தது, திரும்பத் தின்றது. ரத்தினசாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. "மருமக வளர்த்தா இடுக்குல ஒளியுது. மாமன் வளர்த்தா வந்து திங்குது!" என்று கமலாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மூன்றாம் நாள் காலை பால் கறந்துவிட்டு வந்து பார்த்தால், சுந்தரி தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது. வயிறு உருண்டை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ரத்தினசாமி பால் சொம்பைக் கீழே வைத்தார். மீன் செத்தால் செத்ததுதான். ஆனால் மருமகள் என்ன நினைப்பாள்? அமாவாசை தாண்டாது என்று சொன்ன கிழவன், தாண்டிவிட்ட வயிற்றெரிச்சலில் வேண்டுமென்றே கொன்றுவிட்டான் என்று நினைப்பாள். ஒரு வருஷம் கழித்து முதல் தடவையாக 'மாமா' என்று கூப்பிட்ட பெண் இனி ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டாள். ராத்திரிக்குள் அவள் வந்து சேர்ந்துவிடுவாள்.

"கமலா! உப்புசம்! தெளிவா உப்புசம்!" என்று கத்தினார்.

உப்புசத்துக்கு என்ன செய்வது என்பது அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பெருங்காயம், இஞ்சி, மிளகு இடித்து நல்லெண்ணெயில் குழப்பி மூங்கில் குழாயில் புகட்ட வேண்டும். மாட்டுக்கு அரை லிட்டர். மீனுக்கு? துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனியை எண்ணெயில் தொட்டு எடுத்துக்கொண்டு தொட்டியை நெருங்கினார். கமலாத்தாள் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"ஏனுங்க, தண்ணியில எண்ணையக் கலந்தா அந்தப் புள்ள நம்மளத் தாளிச்சுப் போடுமுங்க!"

"சரி, முன்னங்கால் மேட்டுல இருக்கற மாதிரி நிறுத்தோணும். ஏப்பம் வந்துச்சுன்னா காத்து எறங்கீரும்."

"முன்னங்காலா? எங்கீங்க இருக்குது?"

ரத்தினசாமி குனிந்து தேடினார். இல்லைதான். சாம்பார்க் கரண்டியை எடுத்து மீனின் தலைப்பக்கத்தை மெதுவாகத் தூக்கிப் பிடித்தார். பத்து நிமிஷம் அப்படியே நின்றார். மீன் ஏப்பம் விடவில்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

மிருகாஸ்பத்திரி டாக்டர் டின்சிக்கு ஃபோன் போட்டார். மலையாளி டாக்டரம்மா அவரை நன்றாக அறிந்தவர். "உப்புசத்துக்கு நீங்க என்னைக் கூப்பிடுறீங்களா?" என்று முதலில் ஆச்சரியப்பட்டார். விஷயத்தைக் கேட்டதும், "சேட்டா, பசு, ஆடு, கோழி வரைக்கும் சொல்லுங்க, ஓடி வரேன். கடல் மீன் எனக்குத் தெரியாது. தெரியாம கை வெக்கக் கூடாது. வளர்க்கிறவங்களையே கேளுங்க" என்றார்.

வளர்க்கிறவங்களை! ரத்தினசாமி ஃபோனைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். வெயிலில் கரண்டும் இன்வெர்ட்டரும் போய் மெஷின் நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் புத்தி போனது. சுந்தரியின் வாய் இப்போது மெதுவாகத்தான் திறந்து மூடியது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு, கமலாத்தாளின் ஃபோனில் வீடியோ கால் போடச் சொன்னார்.

சித்ரா எடுத்தாள். கன்னத்தில் சந்தனம், பின்னால் வளையல் குலுங்கும் கூட்டம். மாமனார் முகத்தைத் திரையில் பார்த்ததும், "ஐயோ, அத்தைக்கு என்னாச்சு?" என்று அலறினாள்.

"அவளுக்கு என்ன, கல்லாட்டம் இருக்கறா. அம்மிணி..." ரத்தினசாமி ஃபோனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார்.

சித்ராவின் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. பிறகு சித்ரா மெதுவாக, "என்னத்தப் போட்டீக?" என்றாள்.

"புண்ணாக்கு."

"என்னது?"

"கடலப் புண்ணாக்கு, அம்மிணி. ஊற வெச்சுத்தான் போட்டேன். நீ எழுதித்தான் வெச்சிருந்த. நான்தான் கேக்கல. தப்பு என்மேலதான்."

சித்ரா ஃபோனை வைத்துவிட்டாள். அந்த இரண்டு நிமிஷம் ரத்தினசாமி நின்ற நிலையைச் சொல்ல வேண்டாம். மறுபடி அவளே கூப்பிட்டாள். ஜோமோனிடம் கேட்டிருந்தாள். ஆழத்து மீனுக்கு உள்ளே ஒரு காற்றுப்பை உண்டாம், கண்டதைத் தின்ன மேலே மேலே வந்ததில் அதுதான் வீங்கிக் கிடக்கிறதாம். மெல்லிசு ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம், ஆனால் அவன் கொச்சியிலிருந்து வந்து சேர நாலு மணி நேரம் ஆகும். அதுவரை மீன் தாங்காது.

"ஊசியா?" என்றார் ரத்தினசாமி. இடுப்பு நிமிர்ந்தது. "எந்தப் பக்கம்? எடப்பக்கமா?"

"பக்கத்துத் துடுப்பு இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி. செதிலுக்கு நடுவுல, சாய்ச்சு. மாமா, வேணாம் மாமா. எனக்குப் பயமா இருக்கு. செத்தாச் சாகட்டும், நீங்க ஒண்ணும் பண்ணாதீக" என்று அழ ஆரம்பித்தாள்.

"என்ன பேச்சு பேசற? என்னை நம்பித்தான உட்டுட்டுப் போன? கமலா, உன்ற சுகர் ஊசியில புதுசு ஒண்ணு எடு!"

கமலாத்தாள் ஃபோனைப் பிடித்துக்கொண்டாள். ரத்தினசாமி கையைக் கழுவினார். ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சுந்தரியை ஈரத்துணியில் ஏந்தி அதில் வைத்தார். கையில் ஏதோ இருக்கிற மாதிரியே இல்லை. ஒரு கனமும் இல்லை, அதுதான் பயம். நானூறு கிலோ மாட்டை அமுக்கிப் பிடித்துக் குத்துகிறவர், இந்த ரோஜாப்பூ நிறத்துக்கு முன்னால் ஊசியை எடுத்து எடுத்துக் கீழே வைத்தார். ஆனைக்கரையில் வளைகாப்புக்காரி உட்பட எல்லாப் பெண்களும் சித்ராவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"மாட்டுக்குச் செய்யிறதுதான் மாமா" என்றாள் சித்ரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதே கைதான். மெதுவா."

ரத்தினசாமி பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புக்குப் பின்னால் தொட்டார். சாய்த்தார். குத்தினார்.

ஒரு குமிழி வந்தது, கடுகு அளவு. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக நாலைந்து. வயிறு தணிந்தது. தொட்டியில் விட்டார். சுந்தரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தடுமாறியது, வாலை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு நேராக அடித்தளத்துக்கு இறங்கிப் பாறை இடுக்குக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"எறங்கீருச்சு!" என்று ரத்தினசாமி கூவினார். ஆனைக்கரையில் பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். வளைகாப்புக்குப் போட்ட குலவையைவிட அது பலமாக இருந்ததாகப் பிற்பாடு கேள்வி.

ரத்தினசாமி ஊசியைக் கிண்ணத்தில் போட்டார். ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குலவை அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்ட சித்ராவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது.

"அறிவு இருக்கா மாமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். "கடல் மீனுக்கு எந்த ஊருலயாச்சும் புண்ணாக்கு போடுவாகளா? தவிடு போடல? பருத்திக்கொட்டை போடல? அத எதுக்கு விட்டு வச்சீக?"

"தவிடு மெதக்கும், அம்மிணி."

"பேசாதீக! எவ்வளவு போட்டீக?"

"ஒரு கைப்புடி."

"மாமா!"

"ரெண்டு. சாயங்காலம் ஒண்ணு."

"சாயங்காலமுமா? அடப்பாவி மனுஷா! தண்ணி பூராக் கெட்டுருக்கும். இப்பவே பாதித் தண்ணிய எறச்சு மாத்தணும். உப்பு அளவு நான் சொல்றேன். கல்லையெல்லாம் எடுத்துத் தேய்க்கணும், சோப்பு போடாம. நான் வர்றப்ப ஒரு துண்டு புண்ணாக்கு கண்ணுல பட்டுச்சு, அன்னைக்கு இருக்கு உங்களுக்கு!"

"சரி அம்மிணி. சரி. ஆகட்டும்."

கமலாத்தாள் ஃபோனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணம் ஆகி முப்பத்தேழு வருஷத்தில் இந்த மனிதரை இப்படி ஒருத்தர் பேசி அவள் கேட்டதே இல்லை. அவரைப் பெற்ற தாயே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள். இனி என்ன ரகளை ஆகுமோ என்று அவளுக்குப் பதறியது. ஃபோனை வாங்கக் கையை நீட்டினாள்.

"அம்மிணி, போதும் உடு சாமி, அவரும் பாவம்..."

ரத்தினசாமி அவள் கையைத் தட்டிவிட்டு ஃபோனை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"நீ சித்த சும்மா இரு, கமலா" என்றார். "அம்மிணி எங்கிட்டப் பேசீட்டு இருக்குது."